ஏழாயிரத்து நானூறு

அந்தக் கம்ப்யூட்டர் திறந்து முடிக்க நான்கு நிமிடம் நாற்பது விநாடி ஆகும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதற்குள் அக்கா கையைக் கழுவி, ஊசிகளை எடுத்து அடுக்கி, குழாய்களுக்கெல்லாம் பெயர்ச் சீட்டு ஒட்டிவிடுவார். கடைசிச் சீட்டை ஒட்டும்போது திரை வெளிச்சமாகும். தினமும் அப்படித்தான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. முதல் என்று பார்த்தால் இதுதான்.

என் கடை அந்த ரத்தப் பரிசோதனை லேப்புக்கு நேர் கீழே, மாடிப்படியை ஒட்டி இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பேன். மாடியில் லேப் இரண்டே அறை. முன்னறையில் ஒரு பெஞ்சு. உள்ளறையில் ரத்த அணுக்களை எண்ணும் மிஷின், அதோடு ஒயரில் பிணைத்த கம்ப்யூட்டர். மிஷின் எண்ணிச் சொல்வதைக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துக்கொண்டு தாளில் அச்சடிக்கும். மிஷினோடு வந்த புரோகிராம் அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது. அதை எழுதிக் கொடுத்த கம்பெனியும் இப்போது இல்லை. லேப்பின் சொந்தக்காரரான டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். வெற்று ரிப்போர்ட் தாள்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார்.

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்பா. அதான் நீ இருக்கியே" என்பார்.

நான் இருந்தேன்.

கோளாறு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஒரு ஃபைல் திறக்காது. இரண்டு வரி காணாமல் போகும். வயதான ஹார்ட் டிஸ்க்கில் எழுத்து நிற்காத இடங்கள் உண்டாவது வழக்கம். டிஸ்க்கைச் சோதிக்கும் புரோகிராமை ஓட விட்டேன். பிழைகள் திருத்தப்பட்டன என்றது. மறுநாள் வேறு இடத்தில் பிழை. கேபிளை மாற்றினேன். பவர் சப்ளையைத் திறந்தால் உள்ளே கெப்பாசிட்டர்கள் உப்பிக் கிடந்தன, அதையும் மாற்றினேன். அதே அளவில் இன்னொரு டிஸ்க் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் படியெடுத்து மாட்டினேன். பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் புது டிஸ்க்கிலும் அதே கதை. ஒவ்வொரு காலையும் பிழை தேடித் தேடித்தான் அது திறக்கும். அதனால்தான் அந்த நான்கு நிமிடம் நாற்பது விநாடி.

"சரியாயிடுச்சு அக்கா" என்பேன்.

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்துச் சரியானது வேற, இன்னைக்குச் சரியானது வேற."

அக்கா சிரிப்பார். கூடப் பிறந்தவர் இல்லை. மாடிப்படியில் பார்த்துப் பார்த்து அக்கா ஆனவர். ஒன்பது வருடமாக அந்த லேப்பில் ரத்தம் எடுக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகள். பள்ளியில் கடைசி வருடம். பள்ளிக்குப் போகும் வழியில் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொள்ள மாடிக்கு வருவாள். அக்கா அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவள் வைத்த பெயர் டிஸ்க் மாமா.

"டிஸ்க் மாமா, நோயாளி எப்படி இருக்காரு?"

"தேறிக்கிட்டு வர்றாரு."

"ஒன்றரை வருஷமா தேறுறாரு. எனக்கென்னவோ டாக்டர் மேலதான் சந்தேகமா இருக்கு."

கம்ப்யூட்டரைத் திறந்துவிடத் தினமும் மாடி ஏற வேண்டியிருந்ததால், ரிப்போர்ட் அச்சடிக்கும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்தது. அக்கா ரத்தம் எடுத்து மிஷினில் வைப்பார். நான் தாளில் இறக்கித் தருவேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் தடவை ஒரு கைக்குழந்தை. நரம்பு கிடைக்காமல் அக்கா மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. அது அழுத அழுகை கீழே என் கடை வரை கேட்டது. நான் மேலே போனபோது திரையில் அதன் வரியில் பாதி காலி. கிடைத்த துளி ரத்தம் மிஷினுக்குள் போயாகிவிட்டது. மறுபடி குத்த வேண்டும். தாய் பெஞ்சில் அமர்ந்து, குழந்தையின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் தாளின் ஓரத்தில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருந்தால் நலம் என்று அச்சிட்டிருக்கும். நடுவில் ஒரு எண்ணைப் போட்டேன். தாய் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

நான் செய்ததில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு, மூன்று. எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். அதே ஆள் முன்பு வந்திருந்தால் பழைய எண்ணை எடுத்து ஒரு சிட்டிகை கூட்டுவேன் அல்லது குறைப்பேன். புது ஆள் என்றால் நடு எண். எல்லாம் முழு எண்ணாக இருந்தால் பொய்போல் தெரியும் என்பதால் தசமப் புள்ளிக்குப் பிறகு ஏதாவது போடுவேன். யாருக்கும் கெட்ட எண் போட்டதில்லை. ஒன்றரை வருடத்தில் ஒருவரைக்கூட நான் அழ வைத்து அனுப்பியதில்லை.

காலி வரிகள் சுலபம். கஷ்டம் கொடுத்தவை இடம் மாறிய எண்கள். ஒருநாள் ஒரு முதியவருக்கு ரத்தச் சத்தான ஹீமோகுளோபின் நூற்று நாற்பது என்று காட்டியது. மனிதருக்குப் பதினெட்டைத் தாண்டினாலே அதிகம். இன்னொரு நாள் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எழுத்து. ஆகவே காலியாக இல்லாத வரிகளையும் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். முகம் சுளிக்க வைக்கும் எண் எதுவானாலும் அது டிஸ்க் செய்த வேலை என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் நல்ல பக்கம் சாய்வது என்பது என் முடிவு. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

போன மாதத்துக்கு முந்தைய மாதத்துக்கு முந்தைய மாதம், மூன்றாம் தேதி, கோளாறைக் கண்டுபிடித்தேன். டிஸ்க் இல்லை. டிஸ்க் ஒரு நாளும் தப்பு செய்யவில்லை. உள்ளே இருந்த இரண்டு ரேம்களில் ஒன்று பழுது. எண்கள் டிஸ்க்கில் எழுதப்படும் முன்பு அதில்தான் ஒரு கணம் தங்கும். அங்கேயே கெட்டுப்போய், கெட்டதை டிஸ்க் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறது. விரல் நீளப் பச்சைத் துண்டு. கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஒன்றே முக்கால் நிமிடத்தில் திறந்தது. அன்று ஒரு பிழை இல்லை. மறுநாளும் இல்லை. அதன் பிறகு இன்றுவரை இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று ஒன்றரை வருடமாகச் சொல்லி வந்தவன், இப்போதுதான் உண்மையில் சரியானது என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா வருவதற்குள் மேலே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிடுவேன்.

வரிகளைப் பார்க்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் தேதிக்கும் பதினான்காம் தேதிக்கும் நடுவில் நான்கு பேருக்குத் திருத்தினேன். ஒருவர் பஸ் ஓட்டுநர். மற்றவர்கள் நினைவில்லை.

பதினான்காம் தேதி வாலு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். காலில் நீலமாக இரண்டு திட்டு.

"எங்க இடிச்சுக்கிட்ட?" என்றேன்.

"இடிக்கல மாமா. அதுவா வருது."

"கண்ணு தரையில இருந்தாத்தானே. நடக்கும்போதும் போன்" என்றார் அக்கா. தானே ரத்தம் எடுத்தார். வாலு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா கையில உயிரை விடுறதுன்னா இதுதான்" என்றாள். அக்கா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

அவள் வரி திரையில் வந்தது. வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். நான்காயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்கலாம் என்று தாளின் ஓரம் சொல்கிறது. பார்த்தேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் பஞ்சைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். குழாய் ஸ்டாண்டிலேயே இருந்தது, என் கைக்கு எட்டும் தூரத்தில். மறுபடி மிஷினில் வைத்தால் ஒரு நிமிடம் ஆகும்.

ஏழாயிரத்து நானூறு என்று போட்டேன்.

"எப்படி இருக்கு தம்பி?"

"நார்மல்தான் அக்கா."

அக்கா கண்ணை மூடித் திறந்தார். "ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. என்னென்னவோ தோணிச்சு" என்றார். வாலு எழுந்து தாளை என் கையிலிருந்து பிடுங்கினாள். "பார்த்தியா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீதான் பயந்தாங்கொள்ளி" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனை டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தாளில் இருந்ததற்கு அதுதான் சரியான மருந்து. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒன்பது வாரம் கழித்து எங்கள் மாடிப்படியில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். நான் இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை அவளால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்து விரலால் கீபோர்டு தட்டுவதுபோல் காற்றில் தட்டிக் காட்டினாள். நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாள். தேறிவிட்டார் என்று தலையசைத்தேன். அது உண்மை.

எல்லாம் முடிந்த பிறகு அக்கா இரண்டு தாள்களையும் என் கடை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரித் தாள், எங்கள் தாள். "ரெண்டு மாசம் முந்தியே இது ரத்தத்துல தெரிஞ்சிருக்கும், அப்பவே வந்திருந்தா வழி இருந்ததுங்கிறாங்க. அப்ப இது எப்படித் தம்பி?" என்றார்.

"டிஸ்க்தான் அக்கா. எண்ணு மாறி விழுந்திருக்கும்" என்றேன்.

அக்கா இரண்டு தாள்களையும் மடித்தார். பிறகு, "நீயும் எவ்வளவோ போராடின. பாழாப்போன மிஷினு" என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். ஆறுதல் தேவைப்படுகிற ஒருவருக்கு ஆறுதலான பதில் கிடைத்தது. குழந்தையோடு வந்த தாய்க்குச் செய்ததும் இதேதான்.

நேற்று அக்கா மறுபடி வேலைக்கு வந்தார். இருபது நாளுக்குப் பிறகு. முன்கூட்டியே திறந்து வைக்கும் பழக்கம் விட்டுப்போய், அவர் வந்த பிறகுதான் நான் மேலே போய்க் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினேன். அக்கா கையைக் கழுவினார். ஊசிகளை அடுக்கினார். குழாய்களை வரிசையாக வைத்துச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார். மூன்றாவது சீட்டு விரலில் ஒட்டியிருக்கும்போதே திரை வெளிச்சமாகிவிட்டது.

அக்கா திரையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒட்டாமல் மீந்திருந்த சீட்டுகளைப் பார்த்தார்.

அக்கா புகார் கொடுக்கவில்லை, ஐயா. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். தேதிகளை உங்களிடம் ஒளிக்கவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தேதியில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் என் எண்ணம். பழகிய கை, அதே வேலையைச் செய்தது. அக்காவுக்கும் இதைப் பொறுமையாக விளக்கலாம் என்றுதான் நேற்று வாயைத் திறந்தேன். அவர் சத்தம் போடவில்லை. விரலிலிருந்த சீட்டை உரித்து மேசை விளிம்பில் ஒட்டிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்:

"தம்பி, இது இவ்வளவு சீக்கிரம் திறக்க ஆரம்பிச்சது எந்தத் தேதியில இருந்து?"