வெளிப்பக்கக் கொண்டி

நான்: கோவிக்காதேங்கோ அக்கா. ஒட்டின அட்டை விழுதோ எண்டு பாக்கத்தான் கதவைக் கொஞ்சம் இழுத்து அடிச்சனான்.

லூசியா: கொஞ்சமோ?

நான்: அட்டை விழேல்லை. அவ்வளவு நல்ல பசை. வெளியால இருக்கிற கொண்டிதான் விழுந்திட்டுது.

லூசியா: திற, றெனால்ட்.

நான்: இஞ்சாலைப் பக்கம் பிடியே இல்லை...

லூசியா: திறவன்.

நான்: உங்கட பூட்டன் கட்டின வீட்டில நல்லாப் பூட்டுப்பட்டம். நாளைக்கு இந்த வீடு நூதனசாலையாத் திறபடுது. இண்டைக்கே ரெண்டு காட்சிப்பொருள் உள்ளுக்க.

லூசியா: அப்பிடி என்னத்தை எழுதி ஒட்டினனீ?

நான்: ...‘தயவுசெய்து கதவைத் தொடவேண்டாம்.’

லூசியா: உன்ர ஃபோன்?

நான்: விறாந்தையில, சார்ஜில. உங்கட?

லூசியா: பைக்குள்ள. பையும் விறாந்தையில.

நான்: பத்து மணிக்குப் பூக்கடை டினோஜா பூ கொண்டு வருவாள். இன்னும் அரை மணித்தியாலம். செத்துப்போக மாட்டம்.

லூசியா: அந்தக் கதை இஞ்ச வேண்டாம்.

நான்: ஏனக்கா இப்பிடி வேர்க்குது? வாங்கோ, இந்தப் பெட்டியில இருங்கோ.

லூசியா: நான் அங்கால வரமாட்டன். கதவடியிலயே நிக்கிறன்.

நான்: சரி, நில்லுங்கோ...

லூசியா: ஸ்... ஆரோ முற்றத்தில நடக்கினம்.

நான்: டினோஜாவா இருக்கும். டினோஜா...

லூசியா: சத்தம் போடாதை.

நான்: அக்கா, எங்களைத் திறந்து விடத்தான்...

லூசியா: வாயை மூடு எண்டுறன். நிண்டிட்டுது. வாசலடியில நிண்டிட்டுது.

நான்: கழுதை. உங்கட பூஞ்சாடியை உருட்டித் தின்னுற சத்தம். கேட்டியளே, கத்துது. நான் உதவிக்குக் கூப்பிட்டால் மன்னாரில வாறது என்ர சொந்தக்காரன் மட்டுந்தான். கையைத் தாங்கோ. ஐஸ் மாதிரிக் கிடக்கு. ஏதாவது கதைச்சுக்கொண்டிருப்பம். மற்ற எல்லா அறைக்கும் விபரம் எழுதியாச்சு. இதுக்குத்தான் நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை.

லூசியா: சங்கறை எண்டு போடு. மன்னாரில முதல்முதல் சங்குக் கிட்டங்கி போட்டது எங்கட பூட்டன். மூட்டை கட்டி இஞ்சதான் அடுக்கினது.

நான்: அது நூறு வருசத்துக்கு முந்தி. கொண்டி அவ்வளவு பழசில்லையே. சுவரெல்லாம் அந்தக் காலத்து முருகைக்கல், யன்னல் மட்டும் சீமெந்துக் கல்லால அடைச்சிருக்கு.

லூசியா: கள்ளருக்குப் பயத்தில.

நான்: சங்கு களவெடுக்கவோ?

லூசியா: சொல்லுறதை எழுதன்.

நான்: ‘கள்ளருக்குப் பயந்த சங்குகள்.’ சரி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு என்ன போட?

லூசியா: முன் போர்டில கிடக்குதே. குடும்பம் வள்ளத்தில இந்தியா போச்சு. வீடு பூட்டிக் கிடந்தது.

நான்: எல்லாருமோ போனவை?

லூசியா: எல்லாரும்.

நான்: ம்... சும்மா நிக்கிறதுக்குக் கதவில தட்டிப் பாப்பம். ரோட்டால போறவைக்குக் கேக்கும்.

லூசியா: தட்டாதை.

நான்: ரெண்டே ரெண்டு...

லூசியா: தட்டாதை எண்டுறன். உள்ளுக்க இருந்து தட்டினால் ரோட்டுக்குக் கேக்காது. குசினி வரைக்குந்தான் கேக்கும். என்ன பாக்கிறாய்?

நான்: குசினி வரைக்கும்.

லூசியா: சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்.

நான்: பூட்டிக் கிடந்த வீட்டில, அக்கா, குசினிக்குள்ள ஆர் நிண்டது?

லூசியா: காத்து இல்லை இஞ்ச... மூச்சு முட்டுது.

நான்: எனக்குந்தான். நானும் ஒண்டு மறைச்சனான். ஐஸ் லொறி ஓட்டின எட்வேட்டைத் தெரியுமோ? நான் அவரின்ர மகன்.

லூசியா: நீ உயிலங்குளம் எண்டெல்லோ சொன்னனீ.

நான்: பேந்து இடம்பெயர்ந்து போனது அங்க. இந்தச் சம்பளத்துக்கு ஏன் வாறாய் எண்டு கேட்டியள், ஞாபகமோ? பழைய சாமானில விருப்பம் எண்டனான். அப்பாவும் இப்ப பழைய சாமான்தானே.

லூசியா: பகிடி விடாதை.

நான்: பகிடி விட்டாத்தான் எனக்குக் கதை வரும்.

லூசியா: றெனால்ட்...

நான்: தொண்ணூற்றொண்டு, சித்திரை மாசம். லொறி ரோட்டில நிக்க, அவரை இந்த வீட்டுக்குள்ள கொண்டுபோனதை ஆரோ கண்டவையாம். அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வந்தவ. ஒரு பிள்ளை வந்து, இஞ்ச ஒருத்தரும் இல்லை, வீடு பூட்டு எண்டு சொன்னதாம். அதோட அப்பா திரும்பி வரவேயில்லை. அம்மா சாகுமட்டும் அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கதைச்சவ.

லூசியா: டினோஜா வாறாள் போல.

நான்: கழுதை, அக்கா. அந்தப் பிள்ளை நீங்களோ?

லூசியா: வீட்டில எல்லாரும் இந்தியாவுக்குப் போட்டினம். என்னைச் சமைக்க எண்டு மறிச்சுப்போட்டாங்கள்.

நான்: எவங்கள்?

லூசியா: அதைக் கேளாதை. இத்தனை வருசம் போயும் கேளாதை.

நான்: சரி, எனக்கு அவங்கள் வேண்டாம். அப்பா இந்த அறையிலயோ இருந்தவர்?

லூசியா: கனபேர் இருந்தவை.

நான்: நான் கனபேரைக் கேக்கேல்லை. சரி, விடுங்கோ. நானே சொல்லித் தாறன். நீங்கள் கேற்றுக்கு வரேக்க பின்னால துவக்கை நீட்டிக்கொண்டு ஒருத்தன் நிண்டிருப்பான். பத்தொன்பது வயசுப் பிள்ளை என்ன செய்யும்? நானெண்டால் என்ர பேரையே மறந்திருப்பன். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, எனக்குக் காணும். அட்டையில சங்கு எண்டே எழுதிவிடுறன்.

லூசியா: இல்லை.

நான்: எது இல்லை?

லூசியா: பின்னால ஒருத்தனும் நிக்கேல்லை, றெனால்ட். அவங்கள் காலமையே வெளிக்கிட்டு, பின்னேரந்தான் திரும்பி வந்தவங்கள். கதவுக்குப் பூட்டும் போடேல்லை, வெறும் கொண்டிதான். கொம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு நிக்கேக்க கொப்பர் இஞ்ச உள்ளுக்க இருந்து தட்டிக்கொண்டிருந்தவர். வீட்டில அப்ப நானும் அவரும் மட்டுந்தான்.