செய்தியில் வராத கேள்வி

“நான் சிரிச்சது அவருக்கில்லை, நாய்க்கு.”

பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். கையில் இருந்த போனில் முதல்நாள் செய்தி ஓடியது. தேர்தல் கூட்டமொன்றில் வேட்பாளர் மாலையோடு நிற்கிறார். முன்வரிசையில் இந்தப் பெண் வாய்நிறையச் சிரிக்கிறார். கீழே ‘மக்கள் உற்சாக வரவேற்பு’ என்று போட்டிருந்தார்கள்.

“விளக்கேத்தப் போகேக்கை அவர் கழட்டி வைச்ச செருப்பை நாயொண்டு தூக்கிக்கொண்டு ஓடினது. ஆருக்குத்தான் சிரிப்பு வராது? பிறகு நான் எழும்பிக் கேள்வி கேட்டனான். கமரா பக்கத்திலதான் நிண்டது. அதைக் காட்டேல்லை. இப்ப ஊரெல்லாம் நான் அவரின்ரை ஆள் எண்டு கதை.”

“மூண்டு மணிக்குப் பிறகு எங்கட பக்கம் பஸ் இல்லை. கிளினிக்குக்குப் போற பிள்ளைத்தாச்சியள் என்னெண்டு திரும்பி வாறது? ஐயா, நீங்கள் ஒருநாள் பஸ்ஸில வந்து பாருங்கோ,” என்றார் கணவர், ஒரே மூச்சில்.

மனைவி திரும்பிப் பார்த்தார்.

“நான் கேட்டது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் வயலுக்கெல்லோ போனனீங்கள்?”

“போகேல்லை. நீ தனியப் பயப்பிடுவாய் எண்டு வந்து பின்னால நிண்டனான்.”

மனைவி போனை நிறுத்திப் பைக்குள் வைத்தார்.

“குரல் நடுங்கினதோ?”

“முதல் சொல்லு மட்டும்.”