கோவிந்தராசு மேஸ்திரி பூட்டிய கேலரி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் சொல்தா ஹரிகிருஷ்ணன் ஐயா அவர்களே! பிரெஞ்சுப் பட்டாளத்தில் எந்தச் சண்டையைப் பார்த்தீர்களோ எனக்குத் தெரியாது. எங்கள் மில் ஹாக்கி அணியின் தோல்விகளை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த துணிச்சல் உங்களுடையது! ரசிகர் மன்றச் செயலாளர் செம்மல் அவர்களே! மறைந்த நம் கோவிந்தராசு மேஸ்திரியின் மனைவி, என் கூடப் பிறக்காத தங்கை ரஞ்சிதமே! மட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நம் அணிப் பிள்ளைகளே! கேலரிச் சொந்தங்களே! எல்லோருக்கும் பாக்கியலட்சுமியின் வணக்கம்.

கடைசி வரிசையில் லாஸ்பேட்டை அணிக்காரர்கள் இருவர் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. துக்கம் கேட்க வந்த உங்களுக்கும் வணக்கம். ஆனால் போன வருடம் நீங்கள் அடித்த அந்த கார்னர் கோல், கோல் இல்லை. பந்து உங்கள் ஆளின் காலில் பட்டது; ஹாக்கியில் காலில் பட்டால் கோல் செல்லாது. நான் பார்த்தேன். இதைச் சொல்ல இது இடம் இல்லைதான். வேறு எந்த இடத்தில் நீங்கள் என் எதிரே உட்காரப் போகிறீர்கள்?

செம்மல் தம்பி என்னை மேடைக்கு அழைக்கும்போது காதில் சொன்னார்: "ஆயா, ரெண்டு வார்த்தை பேசுங்க. பேசி முடிச்சிட்டு சாவிய மன்றத்துகிட்ட குடுத்துடுங்க. மேஸ்திரி போட்டோவுக்குக் கீழ மாட்டிடலாம். இனிமே கேலரி வேலியெல்லாம் பிரிச்சுட்டு பிளாஸ்டிக் நாற்காலி போடப் போறோம்." சரி தம்பி என்றுதான் நானும் ஏறினேன். மேஸ்திரியின் சாவியை ரஞ்சிதம் என்னிடம் கொடுத்து இன்றோடு ஒரு வாரம் ஆகிறது. அதைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை திருப்பூர் பஸ் ஏறி என் மகள் ஜெயத்தின் வீட்டோடு போய் இருந்துவிடுவது என்று பையும் கட்டியாயிற்று. அவள் கூப்பிடாத வருடம் இல்லை. "ஆட்டம் முடியட்டும், வரேன்" என்று நான் சொல்லாத வருடமும் இல்லை.

அது என்ன சாவி என்று தெரியாதவர்கள் சிலர் இங்கே இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மில் மைதானத்தில் கிழக்குப் பக்கம் இருக்கும் பலகைக் கேலரிதான் நம்முடையது. அதைச் சுற்றிக் கம்பி வேலி. யார் போட்டது? மில்காரர்கள் போட்டது. எதற்காக? தறிக்காரனும் நூல் சுற்றுகிற பொம்பளையும் ஆட்டம் பார்க்கிற ஜோரில் ஆபீசர்கள் நாற்காலிப் பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக! மைதானத்திலும் எங்களை வேலிக்குள்தான் வைத்தார்கள். பிறகு ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனோம். மில் கேட்டில் பூட்டு தொங்கியது. அன்றைக்கு எங்களை வெளியே வைத்துப் பூட்டினார்கள். அவ்வளவுதான், மில் முடிந்தது.

மில் போயிற்று. அணி போகவில்லை. வேலை இல்லாத பிள்ளைகள் கடன் வாங்கிய மட்டையோடு ஆடினார்கள். இடைவேளையில் இரண்டு கோல் பின்னால் இருந்தால், நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்து போனார்கள்! "பஸ்ஸு போயிடும்" என்றான் ஒருவன். "மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்" என்றான் இன்னொருவன். அவனிடம் மாடு கிடையாது. அப்போது இடது ஓரம் ஆடிய தவளக்குப்பத்துப் பையன் அய்யப்பன் ஆட்டம் முடிந்து மேஸ்திரியிடம் வந்து சொன்னான்: "மாமா, பந்தை எடுத்துகினு ஓடறேன். திரும்பிப் பார்த்தா கேலரில ஒரு நாய் படுத்துகினு இருக்குது. யாருக்கு மாமா ஆடறது?"

மேஸ்திரி மறுநாளே கிளம்பினார். மில் இரும்பையெல்லாம் உடைத்து விற்ற தட்டாஞ்சாவடிப் பட்டறைக்குப் போனார். எங்களை வெளியே வைத்துப் பூட்டிய அதே பூட்டைத் தேடி எடுத்து வந்தார். அடுத்த ஆட்டத்தில் இடைவேளை விசில் முடிந்ததும் கேலரிக் கேட்டில் உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஜெயிச்சாலும் தோத்தாலும் சேர்ந்துதான் வெளிய போறோம். இஷ்டமில்லாதவன் அடுத்த வாரம் வராத" என்றார்.

அடுத்த வாரம் வராமல் இருந்தோமா? வந்தோம்! நாமே நடந்து வந்து, நாமே உள்ளே போய், பூட்டு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்! வெயிலில் வெந்தோம், மழையில் ஊறினோம், ஆறு கோல் வாங்குவதைக் கண்ணால் பார்த்தோம். "இந்த வருசம் நம்மது" என்பார் மேஸ்திரி. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் காரணம் வைத்திருப்பார். எதிர் அணி கோல்கீப்பருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இனி ராத்திரி சரியாகத் தூங்க மாட்டான் என்று ஒரு வருடம் சொன்னார். அதையும் நம்பினோம். நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் கிடந்தோம்.

அங்கே பின்னால் யார் எழுந்திருப்பது? டீ வந்துவிட்டதா? உட்காருங்கள். கதவு திறக்காது. நான் மேடை ஏறும்போதே, என்னைத் திருப்பூருக்கு அழைத்துப்போக வந்திருக்கும் ஜெயத்தின் மகள், என் பேத்தி அபியை விட்டு அந்தப் பூட்டைத்தான் இந்த மண்டபக் கதவில் போடச் சொன்னேன். மேஸ்திரிக்கு நடக்கும் கூட்டத்தில் பாதியில் எழுந்து போவீர்களா? உட்காருங்கள்!

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லக் கூடாது என்று ரஞ்சிதம் கண்ணால் ஜாடை காட்டுகிறாள். இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவதுதான் முறை. எனக்கு அந்த முறை தெரியும். எனக்கு நடந்ததும் தெரியும்.

லாஸ்பேட்டையோடு ஆட்டம். இடைவேளை முடிந்து பூட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக் குப்பன் சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்று கத்தினான்: "யக்கா! ஜெயத்துக்கு வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிட்டாங்க. 'எங்கம்மா எங்க எங்க'ன்னு கேட்டுகினே இருக்குது!" நான் மேஸ்திரியிடம் ஓடினேன்.

"மேஸ்திரி, கேட்டைத் தொற. பொண்ணுக்குப் பிரசவம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆட்டம் முடியட்டும், பாக்கியம்."

"இன்னா மனுசன்யா நீ? தலைப்பிரசவம்!"

"ஆட்டம் முடியட்டும்."

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி உள்ளங்கையில் பதிந்தது. ஏறிக் குதிக்க முடியாத உயரம். அந்தப் பக்கம் குப்பன், இந்தப் பக்கம் நான். நாலு கோல் வாங்கினோம். ஒவ்வொன்றும் யார் அடித்தது, யார் விட்டது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆட்டம் முடிந்ததும் மேஸ்திரி எழுந்து போய்க் கேட்டை ஓங்கி உதைத்தார். மறுபடி உதைத்தார். கீல் பிய்ந்து கேட் சாய்ந்தது. தோற்ற கோபம் என்று நினைத்தோம். சாய்ந்த கேட்டின் மேல் மிதித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அபி பிறந்து, துடைத்து, துணியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். ஜெயம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மேஸ்திரியோடு நான் பேசவில்லை. ஆனால் ஆட்டத்துக்குப் போகாமல் இருந்தேனா? வேறு எங்கே போவேன்? நடுவில் ரஞ்சிதம், அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "ரஞ்சிதம், உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, லெப்ட்ல ஆளே இல்லன்னு." "ரஞ்சிதம், பாக்கியத்துகிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு இருக்குதுன்னு." வருடக்கணக்காக இப்படித்தான். ரஞ்சிதத்தின் கழுத்துக்குத்தான் வலி.

அபி வளர்ந்து, லீவுக்கு வந்திருந்த ஒரு நாள் கேட்டாள்: "ஏன் ஆயா, தோக்கற டீமைப் பார்க்க வாராவாரம் போற?"

"உள்ள வெச்சுப் பூட்டிடறாங்கடி."

"பூட்டறதுக்கு முன்னாடி நீயேதானே உள்ள போற?"

இதற்கு உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

அத்தனை தோல்விக்கும் ஈடாக ஒரே ஒரு நாள் இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் அந்த மழை நாள் நினைவிருக்கும். அதே லாஸ்பேட்டை. கோல் விழாமல் கடைசி வரை இழுத்த ஆட்டம். மைதானம் முழுக்கத் தண்ணீர். பந்து நம் வலதுபக்கத்திலிருந்து வந்து, அவர்கள் கோலுக்கு முன்னால் சேற்றில் நின்றுவிட்டது. அவர்கள் கோல்கீப்பர் அது உருண்டு வரும் என்று காத்துக்கொண்டு நின்றான். வயதாகி, முட்டி வீங்கி, அதுதான் கடைசி வருடம் என்று ஆடிக்கொண்டிருந்த நம் அய்யப்பன் காத்திருக்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய், மீன் வாரிப் போடுவது போல் பந்தைச் சேற்றோடு வாரிப் போட்டான். பந்து உள்ளே! சேறு கோல்கீப்பர் முகத்தில்! கேலரிப் பலகை முறிந்தது! யார் யாரைக் கட்டிப் பிடித்தோம் என்று தெரியவில்லை. நான் ரஞ்சிதத்தைத் தாண்டிப் பாய்ந்து மேஸ்திரியின் கையைப் பிடித்து உலுக்கி, "மேஸ்திரி! மேஸ்திரி!" என்று கூவினேன்.

அவர் மழையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பேசிட்டே, பாக்கியம்."

"பேசல. கத்தினேன்."

கையை விட்டுவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

சபையோரே! கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மூக்கில் குழாய். பேச்சு காற்றாக வந்தது. அப்போதும், "ரஞ்சிதம், பாக்கியத்துகிட்ட சொல்லு. தட்டாஞ்சாவடி டீமை ரெண்டுக்கு ஒண்ணுல அடிக்கிறோம்" என்றார். "போன வருசமும் இதேதான் சொன்னாருன்னு சொல்லு" என்றேன். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. அதுதான் நாங்கள் பேசிக்கொண்டது. பேசிக்கொள்ளாதது என்றும் சொல்லலாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரஞ்சிதம் என்னைக் கூப்பிட்டுப் பூட்டையும் சாவியையும் கொடுத்தாள். கூடவே இன்னொன்றையும் கொடுத்தாள். அதுதான் இது. என் கையில் இருப்பது முன்வரிசைக்குத் தெரியும். பாதிச் சாவி! பிடி மட்டும் இருக்கிறது, பல் இல்லை. உடலைக் குளிப்பாட்டும்போது அவர் அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்தார்களாம்.

ரஞ்சிதம் சொன்னாள்: "அபி பொறந்த அன்னைக்கி பூட்டும்போதே உடைஞ்சது இது, யக்கா. மீதி பூட்டுக்குள்ளயே மாட்டிகிச்சு. நீ போய்க் கேட்டப்ப அவரு கையில தொறக்க ஒண்ணுமே இல்ல. தட்டாஞ்சாவடி பட்டறைல குடுத்துத்தான் அப்புறம் வேற சாவி போட்டாரு. உங்கிட்ட சொல்லிடுன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். 'தொறக்க முடியாத பூட்டுன்னு தெரிஞ்சா அடுத்த வாரம் எவன் உள்ள வருவான்?'னு அடக்கிட்டாரு."

இதைக் கேட்டு நான் உருகிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை! கேட்டை உதைக்கக் கால் இருந்ததே! பெண் வலியில் கூப்பிடும்போது உதைத்திருக்கலாமே! ஏன் உதைக்கவில்லை? இந்த ஒரு வாரமாக வேறு எதையும் யோசிக்கவில்லை. அப்போதே கேட் சாய்ந்திருந்தால், நாலு கோல் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டத்தில் உங்களில் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பீர்கள்? ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் மறுபடியும் நாய்தான். என் பெண்ணா, அவர் பிள்ளைகளா என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். என் பெண்ணைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டு, அந்த உடைந்த இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு சாகும் வரை நடந்தார். உட்கார்ந்தால் குத்தியிருக்கும். குத்தட்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்.

நான் மன்னிக்கவில்லை. மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, மன்னிக்கவில்லை. ஆனால் அவரைப் போல் ஒரு கேலரித் தலைவர் இந்தப் புதுச்சேரியில் இருந்தது இல்லை, இனி இருக்கப் போவதும் இல்லை! இரண்டும் உண்மை. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் நான் நிற்கிறேன்.

செம்மல் தம்பி, கையை நீட்டாதே. ஞாயிற்றுக்கிழமை தட்டாஞ்சாவடியோடு ஆட்டம். தோற்றால் நம் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடும். அந்தப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியா தெரிய வேண்டும்? வேலி இருக்கும். பூட்டும் இருக்கும். பூட்டுவது நான். தோற்கிறோம் என்று எழுந்தால் திறக்க மாட்டேன். பஸ் போகிறது என்றால் திறக்க மாட்டேன். இல்லாத மாட்டைக் கட்டப் போகிறவனுக்கும் திறக்க மாட்டேன். ஆனால் வேலிக்கு வெளியே ஒருவர் வந்து நின்று வீட்டில் வலி என்றோ, மூச்சு வாங்குகிறது என்றோ சொன்னால் அந்த நிமிடமே திறப்பேன். சாவி உடைந்தால் உதைப்பேன். மைதானத்தில் கோலே விழுந்துகொண்டிருந்தாலும் உதைப்பேன். இது மேஸ்திரியின் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. முழுச் சாவி என்னிடம் இருக்கட்டும். படத்துக்குக் கீழே மாட்ட இந்தப் பாதிச் சாவியை எடுத்துக்கொள். அதுதான் அவருடையது.

அபி அங்கிருந்து என்னையே பார்க்கிறாள். திங்கட்கிழமை பஸ் என்ன ஆயிற்று என்று கேட்கிற பார்வை. உங்கம்மாவுக்குப் போன் போட்டுச் சொல் கண்ணு. ஆட்டம் முடியட்டும், வருகிறேன்.

ரெண்டுக்கு ஒண்ணு. இந்த வருசம் நம்மது.

அபி, இந்தா சாவி. கதவைத் தொற.