ஆவியில் உப்பு பார்த்தவர்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் சுப்பிரமணியம் ஐயா அவர்களே! ஆய்வுக்குழுவின் அன்புமகள் இளமதி அவர்களே! சிராங்கூன் சாலை நெரிசலை நீந்தி வந்த பெரியோர்களே! வீட்டு நோயாளியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! செங்காங் பஞ்சவர்ணத்தின் பணிவான வணக்கம்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. நூலகமும் முருகன் அருளும் தந்ததே என் தமிழ். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகியவள், நேரத்தையும் கணக்காகவே செலவழிப்பேன். ஐயா, மணியைத் தொட வேண்டாம்!

என் கணவர் அழகேசனை அறியாத வெள்ளிக்கிழமைப் பந்தி உண்டா? கோயில் அன்னதானச் சாம்பார் அவர் கைச் சாம்பார் அல்லவா? சாமிக்குப் படைக்குமுன் ருசி பார்க்கலாமா? கூடாது! பிறகு உப்பை எப்படி அறிவது? மூடியைத் திறப்பார், கண்ணை மூடுவார், ஆவியை இழுப்பார். “இன்னும் ஒரு கை போடு, பாப்பம்மா” என்பார், அடுப்படியில் கூடமாட உதவும் பெண்ணிடம். சிரிக்காதீர்கள்! உப்புக்கு ஏது வாசனை என்று நானும் கேட்டவள்தான். ஆனால் ஒருநாளும் தப்பியதில்லை. தேக்கா சந்தையில் அவர் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்து முகர்ந்து வாங்க, நான் பையோடு பின்னால் நடந்த காலைகள்! இப்போதும் அந்தக் கடையைக் கடந்தால் என் கால் தானாக நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை. துவாஸ் கடலோரத் தொழிலாளர் விடுதியிலிருந்து வரும் தம்பி பிரபாகர் ஒரு வாய் வைத்தார்.

“அண்ணே, சாம்பாரா இது? துவாஸ் கடலையே மொண்டு ஊத்திட்டீங்களா?”

பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“பாப்பம்மா, ரெண்டு தடவ போட்டியா?”

“நீங்க போடச் சொன்னீங்க, போட்டேன். என் மேல பாயாதீங்கண்ணே!”

அடுத்த வாரமும் அப்படியே. கரண்டியைக் கீழே வைத்தார். வீட்டிலோ, “காப்பித்தூள மாத்திட்டியா? வாசமே இல்ல” என்று என்மேல் கோபம். கை நடுக்கம் அதன்பிறகே வந்தது. பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். நடுக்கத்தை ஏற்றுக்கொண்டவரால் அந்தச் சாம்பாரை ஏற்க முடியவில்லை. “எனக்குக் கவனம் போச்சு. சாமி வேலைக்கு நான் லாயக்கில்ல” என்று கோயில் படியையே மிதிக்கவில்லை.

நரம்பு தேயும் நோய்களில் சுவை எப்படி மாறுகிறது என்று இளமதி ஆராய்வதைக் கேள்விப்பட்டு, என் கணவரை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். சுவையில் நனைத்த தாள்துண்டுகளை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார்கள். முடிந்ததும் இவர் கேட்டார்:

“பாப்பா, வெறுந்தாள வெச்சு விளையாடுறியா லா?”

“இல்ல அங்கிள். கடைசியா வெச்சது உப்பு. நல்ல ஸ்ட்ராங்.”

நம்பவில்லை. “நீ வெச்சுப் பாரு” என்றார் என்னிடம். வைத்தேன். உப்பளமே வாய்க்குள் வந்தது! என் முகம் போன கோணலையே பார்த்திருந்தார். சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே மூக்கு மங்கும், மூக்கு மங்கினால் ருசியும் மங்கும் என்று இளமதி விளக்கினார்.

“அப்போ... நான் அசட்டையா இருக்கல, பஞ்சு.”

கண் நிறைந்தது. அவருக்கா, எனக்கா? இருவருக்கும்தான்!

அந்த வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போனார். “உப்பைக் கொறச்சுப் போடுவோம். மொதல்ல சாமிக்கு எடுத்து வெச்சுப் படைப்போம். அப்புறம் பாப்பம்மா ருசி பாத்து மிச்ச உப்பைப் போடட்டும்” என்றார். ஆக, சாமிக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் போகிறது. முருகன் இதுவரை முகம் சுளித்ததில்லை!

தாய்மார்களே! “சாப்பாடு நல்லால்ல” என்று தட்டைத் தள்ளுகிறவரோடு சண்டையிடும் தாய்மார்களே! அது கோபமா? குற்றமா? நோயா? அறிய வேண்டாமா? ஆய்வுக்கு நோயுற்றவர்கள் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர்களும் வேண்டும். வாசலில் இளமதியிடம் பெயர் கொடுங்கள்.

என்ன கேட்கிறீர்கள், அம்மா? ஆமாம், பின்கட்டில் மணப்பது அவர் சாம்பார்தான்! அவருக்குத்தான் அந்த மணம் எட்டவில்லை. சாப்பிடுங்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தம்பி பிரபாகரைப் போல உரக்கச் சொல்லுங்கள். அங்கே கரண்டியோடு காத்து நிற்கிறார். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி; உங்கள் நாவுக்கு என் வணக்கம்!