சேர்க்கக் கூடாத கடைசி வேலை

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, படகு ஆம்புலன்ஸ் நிலைய இயக்குநர் அவர்களே, சோல்ஃப்ரிடின் கணவர் அஸ்பியோர்ன் அவர்களே, ஈரக் கோட்டுகளோடு வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே!

தலைமை மென்பொறியாளர் சோல்ஃப்ரிட் நேஸ்வோக் இனி இல்லை. எந்தத் தீவுக்கு எந்தப் படகு என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதியவர் அவர். போன செவ்வாய் மாலை தீவிலுள்ள தன் வீட்டில் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார். அந்த மென்பொருள் சரியான படகைத்தான் அனுப்பியது. படகும் நேரத்துக்கு வந்தது. என்ன பயன்!

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் குழுவில் சோதனையாளனாகச் சேர்ந்தவன் நான். அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருநாள் எங்கள் குழுவின் நிரலாளர் தோர்கெய்ர், தன் கணினியிலிருந்த பழைய நகலை, எல்லோருடைய நிரலும் இருக்கும் பொதுச் சேமிப்பின்மேல் வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டார். எல்லோருடைய பல நாள் உழைப்பும் மறைந்தது.

"போச்சு! எல்லாத்தையும் அழிச்சிட்டேன்!"

"யாரும் புதுசா எதையும் இறக்காதீங்க, கையை எடுங்க!" என்ற சோல்ஃப்ரிட், இன்னொரு நிரலாளரிடம் திரும்பினார். "இங்வால், காலைல இறக்கினப்புறம் நீ என்ன பண்ணின?"

"காப்பி குடிச்சேன்."

"நல்லவேளை! உன் சோம்பேறித்தனம்தான் இன்னிக்கு நம்மளக் காப்பாத்தப் போவுது."

இங்வாலின் கணினியில் காலையில் இறக்கியபடியே கெடாமல் இருந்த நகலிலிருந்து எல்லாம் மீண்டது. தோர்கெய்ரை அவர் திட்டினாரா? இல்லை! "கதவைப் பூட்டாதது என் தப்பு. திறந்தது மட்டும்தான் உன் தப்பு" என்று சொல்லி, அப்படி ஏற்றும் வழியையே அடைத்தார்.

வேலை முடியாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பும்முன் அதை, மென்பொருளோடு இன்னும் சேராத தனிக் கிளையில் சேமித்து அனுப்பிவிட வேண்டும். என்ன மாற்றினோம் என்பது நிரலிலேயே தெரியும், ஏன் மாற்றினோம் என்பதை உடன் அனுப்பும் குறிப்பில் எழுத வேண்டும். அவர் ஓயாமல் சொன்னது இதுதான். செவ்வாயன்றும் அப்படியே செய்துவிட்டுத்தான் கிளம்பினார். அன்று அவர் அனுப்பியது, புயல் நாட்களில் படகைத் தேர்ந்தெடுப்பதற்கான புதிய கணக்கு.

வியாழனன்று இயக்குநர் கண் கலங்கச் சொன்னார்: "அவங்க கடைசியா எழுதினது. இன்னிக்கே மென்பொருள்ல சேர்த்துடலாமே, அதுதான் அஞ்சலி."

நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம். தோர்கெய்ர்தான் அதோடு அவர் அனுப்பிய குறிப்பைத் திறந்து படித்தார்: "பாதிதான் முடிந்தது. எதிர்க்காற்றில் தவறான படகைத் தேர்கிறது. காரணம் தெரியவில்லை. சேர்க்காதீர்கள்."

அந்தத் தவறான படகுக்காகக் காத்திருக்கப் போவது யார்? இந்த அரங்கில் உள்ள நம்மில் ஒருவரின் வீட்டார்!

அஸ்பியோர்ன், குளிர்காலப் புயல்கள் நெருங்குகின்றன. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்போம். ஒவ்வொரு காற்றிலும் சோதிப்போம். அதன்பிறகே அவர் பெயரில் சேர்ப்போம். அதுவரை, உங்கள் மனைவியின் கடைசி வேலை முடிந்துவிட்டதாக நாங்கள் யாரும் நடிக்க மாட்டோம்.