ஒரே சனலிலை ரெண்டு கலியாணம்

ஹலோ... ஹலோ! றவூப் தம்பியோ? ... நான் நேசமலர். ... ஓம், ஓம், கோல் றோட் மண்டபத்து ஒஃபீஸ் போனிலை இருந்து. ... என்ன, எல்லாம் நல்லா நடக்குதோ எண்டோ? நல்லாக் கேளும்! இங்க ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, உம்மட ஸ்பீக்கருக்குள்ளாலை ஒருத்தன் "ஏழாவது சஹனுக்கு இறைச்சி காணா, இறைச்சி கொண்டுவாங்க" எண்டு கத்துறான்!

... சிரிக்காதையும்! ... இல்லை, நீர் சிரிச்சனீர், எனக்குக் கேட்டது. சஹன் எண்டால் ஆறு பேர் சுத்தி இருந்து சாப்பிடுற தட்டு எண்டு எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின்ர தேப்பனுக்குத் தெரியுமே? மணவறையிலை இருந்த பெடியனைக் கையிலை பிடிச்சு எழுப்பிப்போட்டார் மனிசன்!

... ஸ்ரீஸ்கந்தராசா. கனடாவிலை இருந்து வந்தவர். ... மைக் இல்லாமலோ? அதைத்தானே நானும் சொன்னனான். ஏலாதாம். அவற்ற மனிசி அங்க வருத்தமாப் படுக்கையிலை, வரேல்லை. வீடியோவிலை மந்திரம் அட்சரம் பிசகாமல் அவவுக்குக் கேக்கவேணுமாம். வீடியோவுக்குச் சத்தம் உம்மட பெட்டிக்குள்ளாலைதானே போகுது. சரிவராட்டி நாளைக்கு முகூர்த்தம் பாப்பமாம். நாளைக்கு! என்னவோ படத்துக்கு ரிக்கெற் மாத்திற மாதிரி!

... ஓம். ... ஓம், ஓம், அதுவும் செய்து பாத்தாச்சு. ஐயரின்ர மைக்கை நிப்பாட்டினாலும் அந்தச் சத்தம் வருது. ... பற்றறியும் புதுசு. ... உம்மட வேலையாள் இராமரோ? அவர் என்ன செய்வார் பாவம், வயரை எல்லாம் ஒருக்காக் கழட்டி ஒருக்காப் பூட்டிக்கொண்டு நிக்கிறார்.

... என்ன? ... திருப்பிச் சொல்லும். ... நீர் இப்ப எங்க நிக்கிறீர்? ... பின்மதிலுக்கு அங்காலயோ! அந்த நிக்காஹ் வீட்டுக்கும் நீர்தானோ சவுண்ட்? ... அதே வயரில்லாக் கோட்லெஸ் மைக்கோ? ... ரெண்டும் ஒரே சனலோ! சோடியா வாங்கினா ரெண்டையும் ஒரே நேரத்திலை ரெண்டு வீட்டுக்குக் குடுக்கிறதே? உமக்கு மண்டைக்குள்ளை என்ன இருக்கு, றவூப்? எங்கட மந்திரம் அங்க கேக்கேல்லையோ? ... கேட்டதோ? கேட்டும் பேசாமல் இருந்தனீரோ!

... அப்ப இப்ப ஓடிவாரும். மதிலுக்கு அங்காலதானே. ... ஓ, ஆமி றோட்டை மறிச்சுப்போட்டாங்களோ. ... இங்க வாசலிலையும் நிக்கிறாங்கள், ஐடென்ரிற்றி பாக்கிறாங்கள், ஒருத்தரையும் வெளியிலை விடேல்லை. ... சரி. சொல்லும், நானே செய்யிறன். வேற ஆர் இருக்கினம்.

... மைக் என்ர கையிலைதான் இருக்கு. ஐயரிட்டை வாங்கிக்கொண்டு வந்திட்டன். ... பற்றறி மூடியைத் திறந்தாச்சு. ... ஒரு சின்னச் சுவிச், ஊசிமுனை மாதிரி. பொறும், சேலைப் பின்னைக் கழட்டுறன். ... தள்ளுறன். ... தள்ளினாப்போலத்தான் கிடக்கு. ... ஓம், சிவப்பு லைட் எரியுது. ... ஆ, இராமரிட்டைச் சொல்லவேணுமோ?

இராமர்! இராமர்! அந்தச் சின்னப் பெட்டியை நிப்பாட்டும்! மைக்கின்ர சத்தத்தைப் பிடிக்கிற பெட்டி! ... ஓம், அதுதான். நான் சொல்லுமட்டும் போடாதையும்!

நிப்பாட்டியாச்சு. ... ம். உங்கட பக்கத்திலை என்ர சத்தம் வராட்டி சனல் மாறிட்டுது, அப்பிடியோ? ... ஆளை விட்டிருக்கிறீரோ பாக்க? ... சரி, சரி, மைக்கைப் பிடிச்சுக்கொண்டு கதைக்கிறன். கதைக்க எனக்கு விஷயமோ இல்லை!

... என்ன சொன்னீர்? ... நீருமோ? நீரும் நாளைக்கு வைக்கச் சொல்றீரோ! நாளைக்கு ஏலாது. ... ஏலாது எண்டால் ஏலாது! ... காரணம் கேக்க நீர் ஆர்? பிழை விட்டது நீர், புத்தி சொல்றதும் நீரோ!

... கத்தேல்லை. ... இல்லை, தம்பி. ... ம்.

... கதவைச் சாத்திறன், பொறும்.

றவூப். கேளும். ஒருத்தருக்கும் சொல்லாதையும். பொம்பிளையின்ர தேப்பன், என்ர அண்ணை நவரத்தினம், செத்துப்போனார். ... யாழ்ப்பாணத்திலை. கலியாணத்துக்குக் கொழும்புக்கு வர ஆமியிட்டைப் பாஸ் எடுக்கப் போனவர். வெயிலுக்குள்ளை லைனிலை நிண்டபடி விழுந்திட்டார். ... நேற்று. இண்டைக்குக் காலமை இரத்மலானையிலை பிளேனாலை இறங்கின ஒராள் வந்து சொன்னவர். அவரைத் தெஹிவளையிலை என்ர பிளட் வீட்டிலை இருத்தி, வெளியிலை போகவேண்டாம் எண்டு கும்பிட்டுப்போட்டு வந்து நிக்கிறன். இங்க எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணையின்ர மனிசி, மச்சாள் பாலேஸ்வரிக்கும் தெரியாது. அவ பூவும் பொட்டுமாச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. தெரிஞ்சால் செத்தவீட்டுத் துடக்கு. கலியாணம் அதோட சரி. அண்ணை கடைசியாப் போனிலை சொன்னது என்ன தெரியுமோ? "நான் வராட்டியும் நிப்பாட்டிப் போடாதை, மலர்." ... நாளைக்கு இந்தச் செய்தி எல்லாருக்கும் வந்திடும், றவூப். இண்டைக்குத் தாலி ஏறவேணும். நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. எங்க போய் விடுறது?

... ஹலோ? ... ஆரோட கதைக்கிறீர் அங்க? ... ஹலோ!

... என்ன கேட்டது? ... எங்க கேட்டது? ... சனல் மாறேல்லையோ? ஐயோ! முழுக்கவோ? ... எங்கட மண்டபத்திலையும்... பொறும், பொறும், கதவைத் திறந்து பாக்கிறன்.

... இல்லை. இங்க இல்லை. இராமர் பெட்டியை நிப்பாட்டினபடிதான். மச்சாள் ஆருக்கோ சந்தனம் குடுத்துக்கொண்டு நிக்கிறா. ... அப்பாடா.

உங்கட பக்கம் எல்லாருக்குமோ? ... சஹனிலை வைச்ச கையை எடுத்திட்டினமோ. ... ம். ... ஆர், பொம்பிளையின்ர வாப்பாவோ? என்ன சொன்னவர்? ... தங்கட மைக்கை நிப்பாட்டச் சொல்லிட்டாரோ. ... எங்கட கலியாணம் முடியுமட்டும் போடமாட்டினமோ. ... அப்ப சாப்பாட்டுக்கு எப்பிடிக் கூப்பிடுறது? ... கையைக் காட்டியோ.

... என்ர அண்ணையை அவைக்கு ஆரெண்டே தெரியாதே, றவூப்.

இராமர்! பெட்டியைப் போடும்! ... இல்லை இல்லை! நில்லும்! முதல் இந்தச் சனியன் பிடிச்ச மைக்கை நிப்பாட்டுறன். ... ம், லைட் அணைஞ்சிட்டுது. இப்ப போடும்! ... ஸ்பீக்கர் சத்தமில்லாமல் இருக்கு, றவூப். ஒரு சத்தமும் இல்லை. ஸ்ரீஸ்கந்தராசாவைக் கூப்பிட்டுக் காட்டுறன், பெடியனைக் கொண்டுவந்து இருத்தட்டும்.

உம்மோட எனக்கு இன்னும் கோவம் இருக்கு. நாளைக்கு வாரும், நல்லாத் தாறன். ... ம். ... அது ஆர் அங்க அழுறது? ... ஆர் அந்தப் பைறோஸா? உங்கட பக்கத்து மாப்பிள்ளையின்ர உம்மாவோ? ... நல்ல நாளிலை அழவேண்டாம் எண்டு சொல்லும். ...

இல்லை, விடும். சொல்லாதையும். அழட்டும். இங்க என்ர அண்ணைக்கு அழ ஒருத்தருக்கும் ஏலாது.

... வைக்கிறன், தம்பி. மச்சாள் கையைக் காட்டிக் கூப்பிடுறா. ... வாறன் மச்சாள், வாறன்! மைக் சரி வந்திட்டுது!