பங்கு போட்ட குளிசை

மூன்று கிழமையாக இருமிக்கொண்டு, அது பல்லரோச் சந்தையில் மீன் பொரிக்கிற புகைதான் என்று எனக்கு நானே டாக்குத்தர் வேலை பார்த்த மடையன் நான். அந்த லட்சணத்தில், பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த இரண்டு பெண்களின் கதையை ஒட்டுக்கேட்டேன். இருவரும் வெள்ளைக்காரச் சின்யோராமாரின் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். மூத்தவர் சீறினார்.

"கசநோய்க்கு உனக்குத் தந்த குளிசையில பாதியை மனுசனுக்குக் குடுக்கிறியோ? அதென்ன புட்டோ, பங்குபோட?"

"அவரும் இருமுறார் அக்கா. கிளினிக்குக்கு வாங்கோ எண்டால், பெர்மெசோ விசா முடிஞ்சுபோச்சு, பிடிச்சுக் குடுப்பாங்கள் எண்டு பயப்பிடுறார்."

"அங்கை ஆரும் பெர்மெசோ கேக்கிறேல்லையடி! பாதிக் குளிசையில உனக்கும் மாறாது, அவருக்கும் மாறாது. பிள்ளையளும் அதே அறைக்குள்ளதானே படுக்குதுகள்?"

மற்றவள் கைப்பையிலிருந்த குளிசை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"அடுத்த தரிப்பிலதான் கிளினிக். இறங்கு, மனுசனையும் வரச்சொல்லு. ஒருநாள் நீ கூட்டாட்டில் சின்யோராவின்ர வீடு இடிஞ்சு விழாது."

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. மூத்தவர் திரும்பி முறைத்தார்.

"சும்மா புகைதான் அக்கா," என்றேன்.

"இவளின்ர மனுசனும் இதைத்தான் சொன்னவர்."